மூணு முங்கு

7.5.1981
நாளை மறுநாள் தரங்கம்பாடிப் பயணம். திருமங்கலத்தில் சரித்திர வாத்தியாராகப் பதினோரு வருடமாக டேனிஷ்காரன் கோட்டையைப் பாடம் நடத்துகிறேன். கோட்டையையும் பார்த்ததில்லை, கடலையும் பார்த்ததில்லை. மாமியார் வீட்டில் வேன் பிடித்திருக்கிறார்கள். “ராகுகாலமாவது எமகண்டமாவது, நான் கெளம்புறதுதான் நேரம்” என்று டீக்கடையில் முழங்கிவிட்டு வந்தேன்.

9.5
திருச்சி தாண்டியதும் என் மனைவி அன்னக்கொடி வாந்தி எடுத்தாள். நாள் தள்ளிப் பன்னிரண்டு நாளாம்! கல்யாணமாகி எட்டு வருடம். மாமியார் ராமக்காள் வேனை நிறுத்தி எல்லாருக்கும் கற்கண்டு கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்: “மாப்ள, புள்ளத்தாச்சி புருசன் கடல்ல கால் நனைக்கப்படாது. ஆமா!”

சந்தோஷத்தில் எரிச்சல்கூட ஒழுங்காக வரவில்லை.

10.5
எல்லாரும் கடலில் கும்மாளம். நான் பதினாலு ஜோடி செருப்புக்கும் புளியோதரைத் தூக்குக்கும் காவல். செருப்புகளுக்கு 1620-ஆம் வருடத்துக் கோட்டைக் கதை சொன்னேன், வகுப்பைவிட அமைதி. பூம்புகாரிலும் இதே உத்தியோகம். அங்கே அன்னக்கொடி வேனில் படுத்துவிட, மற்ற எல்லாரும் சாப்பிடப் போனதும், ‘மூடநம்பிக்கை!’ என்று தண்ணீரை நோக்கி நடந்தேன். அலை வந்தது. வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன். நானா? நானேதான்.

12.5
“புள்ளத்தாச்சி புருசனக் கடல்ல எறங்க மாமியா விட்டாகளாண்ணே?” என்று டீக்கடையில் கருத்தக்கண்ணன் கேட்டான். “எவ சொல்லி நான் கேக்க? மூணு முங்கு முங்குனேன்” என்று அடித்துவிட்டேன். கடையே கைதட்டியது.

19.5
இல்லை. நாள் தள்ளிப் போயிருந்தது, அவ்வளவுதான். அன்னக்கொடி சாப்பிடவில்லை.

20.5
என் மூணு முங்கு மாமியார் ஊரான எழுமலை வரை போயிருக்கிறது. மாமியார் வந்து இறங்கினார். “எம்மவ வயித்துல மண்ண அள்ளிப் போட்டுட்டீகளே மாப்ள!”

“பொய் சொன்னேன் அத்தை. பயந்து ஓடியாந்துட்டேன்.”

“சாமியே இல்லன்னு பேசுற ஆளு, தண்ணிக்குப் பயப்படுவீகளாக்கும்!”

என் பகுத்தறிவை முழுசாக நம்பும் ஒரே ஜீவன்.

21.5
“நீங்க ஓடுனத வேன்ல இருந்து பாத்தேன். அம்மாகிட்டச் சொல்லவா?” என்றாள் அன்னக்கொடி.

சொல்லு என்றுதான் வாயெடுத்தேன். எட்டு வருடமாக வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் இவளைத்தானே குத்திக்காட்டினார்கள்? என் அம்மாவும்தான். நானும் வாயைத் திறந்ததில்லை. இந்த இரண்டு நாளாக வருகிறவர்கள் என்னைத் திட்டிவிட்டு, இவளுக்குக் காப்பி போட்டுக் கொடுக்கிறார்கள்.

“வேணாம் தாயி” என்றேன். அப்போதுதான் அழுதாள்.

22.5
“நெசமாவே முங்குனீகளாண்ணே?” என்று கருத்தக்கண்ணன் இழுத்தான். கடை நிறைய ஆள்.

“மூணு இல்லடா, அஞ்சு முங்கு” என்றேன். யாரும் கைதட்டவில்லை.