மூடியோட எடுத்த வீடியோ

பல்லேபொல,
புதன்கிழமை.

அன்பு மகள் ஷஸ்னாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்ட கிருபையால இங்க உன் உம்மாவும், ஜுனைதா மாமியும், மூணு கோழியும், மாத்தளை மாவட்டத்தின் முதலாவது வீடியோ சக்கரவர்த்தியாகிய உன் மாமா நானும் சுகம். அங்க கட்டார்ல நீயும் மருமகனும் வயித்துப் பிள்ளையும் சுகமா இருக்கணும்னு அஞ்சு வக்துத் தொழுகையிலயும் துஆ கேக்கிறோம். இந்த முற மிளகு நல்ல காய்ப்பு, வாசம் அலுவிகாரை வரைக்கும் அடிக்குதுன்னு சனம் பேசுது, சனம்னா நான்தான். ஃபோன் இருக்க எதுக்குக் கடுதாசின்னு கேப்ப. ஃபோன்ல சொன்னா நீ ஏசுவ, கடுதாசிக்கு ஏச ஏலாது.

விஷயம் இதுதான். உன் வாப்பா உன் காதில பாங்கு சொல்லிப் பேர் வச்ச வீடியோவ, பிள்ள கிடைக்க முந்தி அனுப்பச் சொல்லி ஒரு மாசமா கேக்கிற. உனக்கு மூணு வயசில மவுத்தான மனிசன், குரல் எப்பிடின்னே தெரியாதுன்னு சொன்ன. நியாயம். உம்மாட கலியாண வீடியோவில அவர் வாயத் தொறக்கிற இடமெல்லாம் பாட்டு ஏத்தி வச்சது நான்தான். மிச்சம் இந்த ஒரு கசெட். அதத்தான் முப்பது வருஷமா நான் யாருக்கும் காட்டல்ல.

முதல்ல நான் தோள்ல சுமந்தது பெரிய கசெட் கேமரா, அந்தப் பாரத்தில என் வலது தோள் இன்னைக்கும் யட்டவத்த ஊர்ப் பக்கமா சாஞ்சிருக்கு. பிறகு சவூதியிலருந்து கொண்டுவந்தது சின்னக் கசெட் போடுறது, அதிலதான் உன்ன எடுத்தேன். உம்மா கேட்டப்ப, இந்தச் சின்னது நம்ம டெக்குக்குள்ள போகாதுன்னு தப்பிச்சேன். கேமராவயே டீவிக்குக் கொளுவலாமே மச்சான்னு உன் வாப்பா சிரிச்சிக்கிட்டே கேட்டார், வயர எலி கடிச்சிட்டுதுன்னேன். தீப்பெட்டி சைஸ்ல டிஜிட்டல் கசெட் வந்துச்சு, பழைய ரீல் இதுல ஓடாதுன்னேன். சின்ன டிஸ்க் வந்துச்சு, கசெட்ட உரல்ல போட்டுத் தட்டையா இடிச்சாத்தான் ஏத்தலாம்னேன். நகம் அளவுக்கு மெமரி கார்ட் வந்துச்சு, பூஞ்சணம் புடிச்சிட்டுதுன்னேன். கம்பனிக்காரங்க மாடல் மேல மாடலா மாத்தினது என் மானத்தக் காப்பாத்தத்தான் மகள். போன மாசம் டவுன்ல ஸக்கரியாட கடையில எந்தக் கசெட்டையும் பென்டிரைவுக்கு ஏத்துற மெஷின் வந்துட்டுது. என் சாம்ராஜ்யம் அன்னைக்கே விழுந்துச்சு.

உண்மைய எழுதுறேன். உனக்குப் பேர் வச்ச அன்னைக்கு நான் லென்ஸ் மூடியக் கழட்டவே இல்ல. ஸக்கரியா கசெட்ட மெஷின்ல போட்டான், டீவி கன்னங்கரேல்னு இருக்கு, ஜுனைதா மாமி கரண்ட் போயிட்டுதான்னு கேக்கிறா. பிறகு சத்தம் மட்டும் வருது. எல்லாரும் கேமராவப் பாருங்கன்னு ராஜகட்டளை போடுறது நான். வீல்னு கத்துறது நீ. அப்ப மெதுவா ஒரு குரல் பாங்கு சொல்லுது, நீ கத்துறத நிப்பாட்டுற. ஷஸ்னா, ஷஸ்னா, ஷஸ்னான்னு மூணு தரம். கொஞ்சம் விட்டு அதே குரல், மச்சான், மூடியக் கழட்டல்ல போலன்னுது. இது புது மாடல், அப்பிடித்தான்னு நான் அதட்டுறேன். அதுக்கு உன் வாப்பா சிரிக்கிறார் மகள். பேட்டரி முடியிற வரைக்கும் சிரிக்கிறார். சாகிற வரைக்கும் ஒருத்தர்க்கிட்டயும் என்னக் காட்டிக் குடுக்கவும் இல்ல.

படம் இல்லாதது வீடியோவான்னு நெனச்சு ஒளிச்சு வச்ச மடையன் நான். உன் உம்மா மூணு தரம் போட்டுக் கேட்டா, எனக்கு நல்லா ஏசினா, பிறகு நாலாவது தரமும் போடச் சொன்னா.

கட்டாருக்குத் திரும்பி வார றிஷாத்கிட்ட பென்டிரைவும் அரைக் கிலோ மிளகும் குடுத்திருக்கேன். இரும்பு மாத்திரைய மறக்காமக் குடி, படி ஏறி இறங்காத. அல்லாஹ் லேசான பிரசவத்தத் தருவான், ஆமீன். மருமகன் ஃபோன்ல எடுப்பார், அதுக்கு மூடி இல்லங்கிறதால பயமில்ல. ஒண்டு மட்டும் சொல்லி வை: பிள்ளைட காதில பேர் சொல்ற இடத்தில பாட்டு ஏத்த வேணாம்.

இப்படிக்கு,
வீடியோ சக்கரவர்த்தி (பதவி இழந்தவர்),
உன்ன வளர்த்த ஜவாஹிர் மாமா.