கொங்காணி அவளோடது, முகம் வேறொருத்தியோடது

குறிஞ்சி பூத்து முடிந்த கையோடு புயல் அடித்து, எங்கள் கவுஞ்சிக்கு எட்டு நாள் பஸ் வராமல் கிடந்ததே, அந்த வருசந்தான் உங்கள் படக்கதைப் புத்தகம் வந்தது, படக்காரம்மா. நேற்று, வட்டக்கானலில் நீங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் காய்கறி வண்டியில் ஒரு அட்டைப்பெட்டி கொடுத்துவிட்டிருந்தார். வீட்டை ஒழிக்கிறாராம். திறந்ததும் உங்கள் பென்சில் வாசம். அதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பூண்டுக் காட்டுக்குப் போகிறேன், பாதியில் திரும்புகிறேன். எழுத்துத் தெரியாதவன், செல்போனிடம் பேசுகிறேன். அது எழுதிக்கொள்கிறது.

எழுத்துப் போடுவதற்கு முன்னால் பக்கங்களை என்னிடம்தான் நீட்டுவீர்கள். "படத்த மட்டும் பாத்துச் சொல்லுங்கண்ணே. உங்களுக்குப் புரிஞ்சா ஊருக்கே புரியும்" என்பீர்கள். முதல் தடவை நான் கீழ்க் கட்டத்திலிருந்து மேலே பார்த்துக்கொண்டு போனேன். எங்கள் காடு படிப்படியாகக் கிடக்கிறது, கீழ்ப்படியிலிருந்துதானே ஏறுவோம்? நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். "அண்ணே, நீங்க பாக்குறதுல செத்தவனெல்லாம் எந்திரிச்சு ஓடுறான்!"

பட்டணத்துப் பாட்டுக்காரப் பொண்ணு ஒன்றின் புதுப் பாட்டும் உங்கள் புத்தகமும் ஒரே நாளில் வரவேண்டும், புத்தகத்தில் பறக்கிற வீராங்கனை மாதிரியே அது மேடையில் உடுத்தி வரும் என்று புத்தகம் போடுகிற கம்பெனிக்காரர் ஏற்பாடு. பறக்கிறவளுக்கு முதுகில் என்ன துணி போடுவதென்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வந்த வழியில், மழைக்குச் சாக்கை மடித்துத் தலையில் போட்ட கொங்காணியோடு என் வீட்டுக்காரி உங்கள் வாசலில் முட்டைக்கோசை இறக்கினாள். காற்றில் சாக்கு பின்னால் பறந்தது. "அக்கா, அசையாதீங்க!" என்று கத்தினீர்கள்.

பத்து நாள் கழித்து நீங்கள் நீட்டிய நோட்டில் பறந்தது அவளேதான். அதே நெற்றி வடு, அதே கோணல் பல். நோட்டை உங்கள் பக்கமே தள்ளினேன்.

"எம் பொண்டாட்டி மூஞ்சி கண்டவன் கையிலயும் கெடக்கணுமா? அழிங்க."

"அக்கா சரின்னுட்டாங்கண்ணே."

"அவ சொன்னா ஆச்சா?"

என் கண்முன்னாலேயே ரப்பரால் தேய்த்தீர்கள். "அக்காகிட்ட நீங்களே சொல்லிருங்க" என்று மட்டும் சொன்னீர்கள். தலையை ஆட்டினேன். சொல்லவில்லை. பாட்டுக்காரப் பொண்ணின் முகத்தையே வைத்துவிட்டதில் கம்பெனிக்காரருக்கு ஏகப்பட்ட சந்தோசம்.

கொடைக்கானலில் புத்தகம் வெளியிட்ட அன்று, என் வீட்டுக்காரி பெட்டியில் கிடந்த பட்டுச்சேலையை எடுத்துக் கட்டி வெள்ளனே கிளம்பி நின்றாள். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். பஸ்ஸில் எத்தனை வளைவு, ஒவ்வொரு வளைவிலும் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். மேடையில் அந்தப் பொண்ணு மினுமினுக்கிற கொங்காணி போட்டுப் பாடியது. சனம் துள்ளியது. இவள் புத்தகத்தை ஒவ்வொரு தாளாகப் புரட்டிவிட்டு மூடினாள்.

"கொங்காணி என்னோடது. மூஞ்சி யாரோடதுங்க?" என்று சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். நீங்கள் தூரத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

கடைசியில் நீங்கள் படுக்கையில் கிடந்தபோது அவள் கஞ்சி வைத்துக் கொண்டுவந்தாளே, அப்போதும் அவள் உங்களிடம் கேட்கவில்லை. நீங்களும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

நேற்று அட்டைப்பெட்டியில் வந்த அந்த நோட்டை அவள்தான் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள். தேய்த்த இடத்தில் பென்சில் அழுத்திய தடம் அப்படியே இருந்தது. வடுவும் பல்லும்கூட. வெகுநேரம் தடவிக்கொண்டே இருந்தாள்.

"வரைஞ்சுட்டுத்தான் அழிச்சிருக்கு. நான் அம்புட்டு அவலட்சணமாவாங்க இருந்தேன்?"

சோலி கெடக்கு என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். தன் மூஞ்சி பிடிக்காமல்தான் நீங்கள் வேறு முகம் வைத்தீர்கள் என்று இத்தனை வருசமும் அவள் நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

உங்களிடம் மன்னிப்புக் கேட்க வழியில்லாமல் போயிற்று. கம்பெனிக்காரரும் போய்ச் சேர்ந்துவிட்டாராம். அந்த முகத்துக்குச் சொந்தக்காரி ஒருத்திதான் மிச்சம். அடுப்படியில் பூண்டு உரித்துக்கொண்டிருக்கிறாள், நோட்டு அவள் பக்கத்திலேயே திறந்து கிடக்கிறது. வாசல்வரைக்கும் மூன்று தடவை போய்த் திரும்பிவிட்டேன். இந்தத் தடவை உள்ளே போகிறேன், படக்காரம்மா. போனை வைக்கிறேன்.

ஏ பொன்னுத்தாயி.