ஸ்தோத்திரத்துக்கு விழுந்த ஓட்டு

ஊரிகம்
ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள மகன் நோயலுக்கு,

மம்மி எழுதறது. கர்த்தர் கிருபையால நானும் உங்க டாடியும் இங்க சுகமாத்தான் இருக்கோம், நீ அந்த டப்ளின் மழையில சுகமா இருக்கியா, வேளைக்குச் சாப்பிடறியா, அதைத் தெரிஞ்சிக்கத்தான் மனசு கெடந்து அடிச்சிக்குது. ஃபோன்ல கேட்டா மீட்டிங் மம்மின்னு வெச்சிடறே, அதான் உக்காந்து எழுதறேன், மீட்டிங் முடிஞ்சாவது படிப்பே இல்ல. டாடிக்கு முட்டி வலி கொஞ்சம் பரவாயில்ல, ஆனா சொன்னா எங்க கேக்கறாரு, பஸ் இருக்கறப்பவே ராபர்ட்சன்பேட்டைக்கு நடந்து போய் மீன் வாங்கிக்கினு வராரு.

நீ கேட்ட விஷயத்துக்கு வரேன். நீயும் உன் சிநேகிதங்களும் சர்ச்சுங்களுக்குன்னு ஃப்ரீயா பண்ணிக் குடுத்தீங்களே, திரையில பாட்டு காட்டற சாஃப்ட்வேர், அதை ஓட்டறவங்க சந்தேகம் கேக்கறதுக்கு இப்ப இருக்கற வாட்ஸ்அப் குரூப் பத்தல, ஒரே கேள்வியை ஆளாளுக்குக் கேக்கறாங்க, பதில் எல்லாம் பொறந்தநாள் வாழ்த்துல அடிச்சிக்கினு போயிடுதுன்னு சொன்னே. அதனால ரெண்டு சைட்டு பாத்து வெச்சிருக்கேன் மம்மி, பழைய கேள்வி பதிலையும் அதுல ஏத்திட்டேன், நம்ம சர்ச்சுல நீதானே திரை ஓட்டறே, பாத்து எதுன்னு சொல்லு மம்மின்னே. பாத்தேன்டா. மொதல் சைட்டு ரொம்ப கறாரு. ஒரு கேள்வி, அதுக்குக் கீழ பதிலு, எது உபயோகமோ அதுக்கு ஓட்டு, ஓட்டு அதிகமானது மேல ஏறிக்கும். ரெண்டாவது நம்ம குரூப் மாதிரியே, யார் வேணா எத வேணா பேசிக்கினு போகலாம்.

மொதல் சைட்டுல நாங்க பண்ண கூத்தைக் கேளு. கன்னடப் பாட்டு எழுத்தெல்லாம் கட்டம் கட்டமா வருது, இன்னா பண்றதுன்னு லவினா கேட்டுச்சி, அதான் பேத்தமங்களா சர்ச்சுல புதுசா திரை ஓட்டற பொண்ணு. நம்ம ஆளுங்க ஸ்தோத்திரம் சொல்லாம என்னிக்கு வாயத் தெறந்திருக்காங்க? பதில் போடற எடத்துல வரிசையா ஸ்தோத்திரம் சிஸ்டர், ஸ்தோத்திரம் சிஸ்டர்னு எழுதி வெச்சாங்க, நானும்தான். நம்ம பாஸ்டர் கொர்னேலியஸ் ஸ்தோத்திரம், கர்த்தர் வழி காட்டுவார்னு போட்டாரு. பாஸ்டர் எழுதினதுக்கு ஓட்டு போடாம இருந்தா நல்லா இருக்குமான்னு எல்லாரும் அமுக்க, அதுதான் சரியான பதில்னு உச்சியில போய் உக்காந்துக்கிச்சி. எந்த ஃபான்ட்டைப் போடணும்னு நீ எழுதின பதிலு அடியில எங்கியோ கெடக்குது. டாடி சிரிச்ச சிரிப்புக்கு இருமலே வந்துடுச்சி. கடைசியில பாஸ்டரே லவினாவுக்கு ஃபோன் பண்ணி, என்னுதை விட்டுட்டு கீழ பாரும்மான்னாராம்.

அப்புறம் நானும் ஒண்ணு கேட்டேன், தமிழையும் தெலுங்கையும் பக்கம் பக்கமா காட்டறது எப்படின்னு. எழுதி முடிக்கல, அந்த சைட்டே இதை முன்னாடியே கேட்டாச்சின்னு சொல்லி நீ எப்பவோ எழுதின பதிலைத் தூக்கிக் காட்டிட்டு என் கேள்வியை மூடிடுச்சி. எனக்கு வந்துச்சே கோவம்! எம்புள்ளைய நான் கேக்கறேன், நடுவுல நீ யார்ரான்னு லேப்டாப்பைத் திட்டினேன். உனக்குத்தான் அது தண்ணி பட்ட பாடாச்சே, எதுக்குக் கேட்டேன்னாரு டாடி. தெரிஞ்சிதான்டா கேட்டேன். குரூப்ல நான் எத கேட்டாலும் எவ்ளோ வேலை இருந்தாலும் பதில் போட்டுடறே, இங்க அமுக்கு மம்மி, அங்க இழு மம்மின்னு. அதைப் படிச்சா நீ பக்கத்துல நாற்காலிய இழுத்துப் போட்டுக்கினு உக்காந்தாப்ல இருக்கும். நீ இல்லாத வீடு எனக்குப் புடிக்கவே இல்ல நோயலு, ஃபோன்ல சொன்னா நீ வருத்தப்படுவேன்னு சொல்றதில்ல.

அதனால ரெண்டாவதையே எடுன்னு எழுதிடலாம்னு இருந்தேன். ஆனா நேத்து சாயங்காலம் லவினா அழுதுக்கினு ஃபோன் பண்ணுச்சி. இன்னிக்கு அவங்க சர்ச்சுல அறுப்பின் பண்டிகை, திரை முழுக்க கருப்பா இருக்குது, குரூப்ல கேட்டா யாரும் பாக்கல, நீயும் எங்கியோ வெளிய போயிருந்தே போல. எனக்கும் அந்தக் கோளாறு புரியல. மொதல் சைட்டுல தேடிப் பாத்தேன், எந்த ஊர் சர்ச்சோ கேட்டு நீ சொன்ன பதிலு நேரா வந்து நின்னுச்சி. ஃபோன்லயே வாசிச்சேன், அந்தப் பொண்ணு ஒவ்வொண்ணா அமுக்குச்சி, பாட்டு வந்துடுச்சி ஆன்ட்டின்னு அது கத்தினதுல எனக்குக் கண்ணே கலங்கிடுச்சி. நீ இல்லாதப்பவும் உன் பதில் அதுக்குக் கெடைச்சிதில்ல, அதான் வேணும். மனசாரச் சொல்றேன், மொதல் சைட்டையே எடு. ஸ்தோத்திரம் சொல்லிக்க மட்டும் தனியா ஒரு எடம் வெச்சிடு, அதுக்கு ஓட்டு கீட்டு வேணாம்.

கர்த்தர் உன் கண்ணையும் கையையும் காப்பாத்தி, அந்த ஊர்ல உன்னைத் தனியா விடாம கூடவே இருக்கட்டும். டாடி முத்தம் சொல்லச் சொன்னாரு. வெளிய போறப்ப காதை மூடிக்கினு போ. ஒண்ணு மட்டும் மறந்துடாதே, அந்த சைட்டு வந்துட்டா உங்கிட்ட கேக்கறதுக்கு எனக்கு ஒண்ணும் இருக்காது, இனிமே நீதான் கேக்கணும். எதுனா கேளு, எத்தனை வாட்டி வேணா கேளு, நான் பதில் சொல்றேன்.

உன் வழியையே பாத்துக்கினு இருக்கற
மம்மி
ஐடா டேவிட்