ஆடியில் பினாங்கு

ஆகஸ்ட் 8, வெள்ளி

மாலையிலிருந்து மழை. அம்மா கோயிலில், ஆடி வெள்ளிக் கூழ். நான் வீட்டில், கல்யாண அழைப்பிதழ் உறைகளில் பெயர் எழுதும் வேலை. பாதிதான் முடிந்தது. முதுகு வலி. பெரியப்பா பெயரையே தப்பாக எழுதி ஓர் உறையைக் கிழித்தாயிற்று.

வி. போன். (முழுப் பெயர் எழுதப் போவதில்லை. தங்கச்சி இதைத் திருட்டுத்தனமாகப் படிப்பாள்.) இரவு ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு பினாங்கு போலாமா? காலைல வேலை முடிஞ்சு நேரா வந்து ஏத்திக்கிறேன்."

"ஆடி லா. அம்மா கொன்னுடுவாங்க."

"அம்மாகிட்ட ஏன் சொல்ற?"

ஜூனில் பதிவுத் திருமணம் ஆயிற்று. அரசாங்கக் கணக்கில் நான் இவன் மனைவி. வீட்டுக் கணக்கில் தாலி ஏறவில்லை, ஆகவே கல்யாணமே ஆகவில்லை. தாலி ஆவணியில். ஆனால் புது ஜோடி ஆடியில் சேர்ந்து சுற்றக்கூடாது என்று வரும்போது மட்டும் நாங்கள் புது ஜோடி. எந்தப் பக்கம் போனாலும் அம்மாவிடம் ஒரு சட்டம் இருக்கிறது.

எங்கள் ஊர் பீடோரிலிருந்து இரண்டரை மணி நேரம்தான், நான் பினாங்கைப் பார்த்ததே இல்லை. அவன் ஒரே ஒரு முறை, பள்ளிக்கூடத்தில் கூட்டிப் போனார்களாம். பாம்புக் கோயில் மட்டும் ஞாபகம்.

அம்மா திரும்பியதும் அவளிடம் சொன்னது: டயர் கடையில் நாளை ஸ்டாக் எடுக்கிறார்கள், கணக்கெழுதும் கிராணி நான் இல்லாமல் முடியாது. உடனே நம்பிவிட்டாள். மத்தியானத்துக்குச் சோறு கட்டித் தரட்டுமா என்று வேறு கேட்டாள்.

ஆகஸ்ட் 9, சனி

காலை. பெட்ரோல் நிலையம். வி. முகம் கழுவப் போயிருக்கிறான். நல்ல வெயில்.

பாலம் தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டு பக்கமும் கடல், நடுவில் லாரி. அவன் சிரித்தான். கண் சிவந்திருக்கிறது, கொட்டாவி மேல் கொட்டாவி. வீட்டுக்குப் போகாமல் வேலையிலிருந்து நேராக வந்தவன். சாப்பிடவும் இல்லை, காப்பி மட்டும்.

மாலை. வீடு. அம்மா மாவரைக்கிறாள். கதவைத் தாழ் போட்டிருக்கிறேன்.

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

பார்த்தவை: சுவர் ஓவியம் (படம் எடுக்க அத்தனை நீள வரிசை, ஊரான் முதுகைப் பார்த்துவிட்டு வந்தோம்). கடல் மேல் மரக்கால் நட்டுக் கட்டிய சீனர் வீடுகள், நடைபலகை இடுக்கில் தண்ணீர் தெரிகிறது. ஒரு கிண்ணம் தேங்காய்ப்பால் ஐஸ் செண்டோல், இரண்டு கரண்டி. அவ்வளவுதான் பினாங்கு.

அப்புறம் லிட்டில் இந்தியா. கடைக்குக் கடை பாட்டு, மாலைக் கடை வாசம், திரும்பின பக்கமெல்லாம் தமிழ் முகம். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பாகான் டாலாமில் இருக்கும் சின்னம்மா சேலை எடுக்க அங்கேதான் வருவார். பச்சைச் சேலையில் ஒரு முதுகு, அதே கொண்டை. போச்சு என்று நினைத்தேன்.

"நீ முன்னால போ. தெரியாத ஆள் மாதிரி நட. நான் பின்னால வர்றேன்."

"கட்டின பொண்டாட்டி பேசுற பேச்சா இது?"

"இன்னும் கட்டலை. நட லா."

நடந்தான். ஒருமுறை திரும்பி, முன்பின் தெரியாதவன் போல என்னை ஏற இறங்கப் பார்த்துக் கண்ணடித்தான். எனக்குச் சிரிப்பு. ஒரு வளையல் கடையில் நின்றேன், கொஞ்ச நேரம்தான்.

வெளியே வந்தபோது முன்னால் கூட்டம். யாரோ குடித்துவிட்டு விழுந்துகிடக்கிறான் என்று பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். கூட்டத்தில் சின்னம்மா இருந்தால் என்ன செய்வது என்று நான் எதிர்ப்பக்கத்துக்குப் போய்விட்டேன். உண்மையாகவே போனேன். வி. எங்கே என்று கூட்டத்துக்கு அப்பால் தேடினேன். அப்போது ஆட்களின் கால்களுக்கு நடுவே அவனுடைய நீலச் சப்பாத்து. தரையை உதைத்து உதைத்து.

ஓடினேன். வாயில் நுரை. கண் மேலே செருகிக் கிடக்கிறது. உடம்பு முழுக்க வெட்டி வெட்டி இழுக்கிறது. அவன் கையில் யாரோ சாவிக்கொத்தைத் திணித்திருந்தார்கள். இரும்பு பிடித்தால் வலிப்பு நிற்கும் என்றார் பக்கத்துப் பூக்கடை அக்கா. நாசி கண்டார் சோற்றுக் கடைக்கார பாய் அதைக் காதில் வாங்காமல் அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தோளிலிருந்த துண்டை மடித்துத் தலைக்குக் கொடுத்தார்.

"நீ யாரும்மா இவருக்கு?" பூக்கடை அக்கா.

சின்னம்மா, அம்மா, ஆடி, எல்லாம் நினைவுக்கு வந்தன. அப்புறம் சொன்னேன், "வீட்டுக்காரர்."

அக்கா என் வெறும் கழுத்தைப் பார்த்தார். தண்ணீர் கொண்டுவந்தார்.

இழுப்பு நின்றது. கண்ணைத் திறந்தான். என்னைப் பார்த்தான். யார் என்றே தெரியாத பார்வை. இந்த முறை விளையாட்டில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், மறுபடியும் மறுபடியும், அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை. இழுத்ததைவிட அதற்குத்தான் பயந்தேன். இப்போதும் கண்ணை மூடினால் அதுதான் வருகிறது.

பாய் கடைக்குப் பின்னால் படுக்க வைத்தார்கள். ஆம்புலன்ஸ் கூப்பிடப் போனார் பாய். அதற்குள் இவனுக்குத் தெளிந்துவிட்டது.

"வேணாம் பாய். எனக்கு இது தெரியும்."

எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து இருக்கிறதாம். மருந்து சாப்பிடுகிறானாம், இரண்டு வருஷமாக வரவே இல்லையாம். நேற்று ராத்திரி மாத்திரையை மறந்து வேலைக்குப் போயிருக்கிறான். காலை மாத்திரை வீட்டில். வீட்டுக்குப் போகாமல் என்னைப் பார்க்க வந்துவிட்டான். தூக்கமும் இல்லை.

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"சொல்லணும்னு தினமும் நெனப்பேன். எங்கம்மாதான், தாலி ஏறட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னாங்க."

"நீ என்ன நெனச்ச?"

"நீ போயிடுவேன்னு."

அறைந்திருப்பேன். துடைக்காத நுரை தாடையில் காய்ந்திருந்தது, அதனால் விட்டேன்.

திரும்பும்போது நான்தான் ஓட்டினேன். லைசன்ஸ் எடுத்ததிலிருந்து காய்கறிப் பாசாருக்கும் டயர் கடைக்கும் தவிர ஓட்டியவள் இல்லை. பாலத்தில் காற்று காரைத் தள்ளியது. பின்னால் லாரி ஹார்ன். கண்ணை மூட முடியாது. பக்கத்தில் அவன் தூங்குகிறான், மூச்சு வருகிறதா என்று பார்க்க வேண்டும், சாலையையும் பார்க்க வேண்டும். காலையில் இதே பாலத்தில் இவன்தானே ஓட்டினான். அப்போது வந்திருந்தால்? நிபோங் திபால் தாண்டும்வரை அந்த ஒரு நினைப்புதான்.

தாப்பாவில் அவன் வீட்டு வாசல். அவன் அம்மா என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். கார் சாவியை அவர் கையில் கொடுத்து, இனி இவனிடம் தராதீர்கள் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"ஆவணி வரைக்கும் உங்க வீட்ல வாயைத் திறக்காதம்மா. உன் கால்ல விழுறேன். தெரிஞ்சா நிறுத்திருவாங்க."

நிறுத்துவார்கள்தான். அம்மாவைத் தெரியாதா எனக்கு. கிராப் வாடகைக் கார் பிடித்து வீடு வந்தேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வானம் மப்பு. தூக்கமில்லை. இட்லி இறங்கவில்லை. ஸ்டாக் எடுத்து இளைத்துப்போனாள் என்று அம்மா பரிதாபப்படுகிறாள்.

பயங்கள்: மண்டபத்தில், அத்தனை பேர் முன்னால், ஓமத் தீக்குப் பக்கத்தில் வந்தால். குளிக்கும்போது வந்தால். அம்மாவுக்குத் தெரிந்தால், பதிவை முறிக்கக் கோர்ட்டுக்கு இழுப்பாள். தெரியாமலே தாலி ஏறினால், ஆயுசுக்கும் அந்தப் பொய்யைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும். பிள்ளைக்கு வருமா? யாரைக் கேட்பது? இன்னொன்றும் உண்டு: அவர்களே நிறுத்திவிட்டால் நான் முடிவு செய்ய வேண்டியதில்லை என்று விடியற்காலையில் தோன்றியது. அதற்காக என் மேலேயே எனக்கு அருவருப்பு.

கோபமும் இருக்கிறது. நிறைய.

வி. செய்தி: "இன்னிக்கு வந்து உங்க வீட்ல சொல்லவா?" எனக்குத் தெரியல என்று பதில் போட்டேன். அப்புறம் அவனிடமிருந்து ஒன்றும் இல்லை. உறைகளை எடுத்து வைத்தேன், ஒன்றுகூட எழுதவில்லை.

வாசலில் மோட்டார் சத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நண்பன் ஓட்ட, பின்னால் அவன். நேற்றைய சட்டையேதான். நண்பன் உள்ளே வரவில்லை.

அம்மா: "ஆடில என்ன தம்பி இந்தப் பக்கம்? பாத்தா நாலு பேரு என்ன சொல்வாங்க?"

அப்பா டிவியை அணைத்துவிட்டார்.

"அத்தே, மாமா, ஒரு விஷயம் சொல்லணும்." தண்ணீர் கேட்கிறான். கிளாஸ் பல்லில் படுகிற சத்தம் என் அறை வரைக்கும் கேட்கிறது. அம்மா என்னைக் கூப்பிடுகிறாள், தேத்தண்ணீர் கலக்கி எடுத்துக்கொண்டு வரச் சொல்லி.

இன்னும் ஆரம்பிக்கவில்லை அவன். கதவிடுக்கில் தெரிகிறது, சோபாவில் அவன் பக்கத்தில் இடம் இருக்கிறது. தே அப்புறம் கலக்கிக்கொள்ளலாம், முதலில் போய் அங்கே உட்காருகிறேன்.