உனக்கென்று பெயிண்ட் அடிக்கிற லாரி

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீ வேளைக்குச் சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்குகிறாய் என்று நினைத்துக்கொண்டு இதைத் தொடங்குகிறேன், இங்கே உடம்பளவில் எல்லோரும் சுகம். சொல்லுவது நான், எழுதுவது உன் தங்கை. முன்னறையில் உன் அப்பாவும் சித்தப்பாவும் தூங்குகிறார்கள், நாங்கள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம், அங்கே யாராவது புரண்டு படுத்தால்கூட இவள் விளக்கை அணைத்துவிடுகிறாள், எழுத்து கோணலாக இருந்தால் கேலி செய்யாதே. அவளுக்குப் பரீட்சை நெருங்குகிறது, கணக்கில்தான் தகராறு. அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. குழாய் இன்னும் ஒழுகுகிறது, நாளைக்குப் பார்க்கிறேன் என்று நீ ஊருக்குப் போன நாளிலிருந்து அவரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

நீ ஹெவி லைசென்ஸ் வாங்கியது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்கே தெரியும். இரண்டு கம்பெனி கூப்பிடுகிறது, எதில் சேருவது என்று கேட்டிருந்தாய். சித்தப்பா ஆள் சேர்த்துவிடுகிற பெரிய கம்பெனியில்தான் சேர வேண்டும் என்று இங்கே முடிவே செய்துவிட்டார்கள். முதல் வாரமே தனி லாரி, கையில சாவி, வேற எவன் குடுப்பான் என்று அவர் சொல்லச் சொல்ல உன் அப்பா தலையாட்டுகிறார். அந்தக் கம்பெனி யார்டில் லாரி கேபின் கழுவுகிறவள் நான், என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானாக வாயைத் திறந்ததற்கு, கழுவுற வேலைக்குப் போனா கழுவிட்டு வா, கம்பெனி நடத்தாதே என்றார் உன் அப்பா.

சொல்லவே அருவருப்பாக இருக்கிறது தம்பி, ஆனாலும் கேள். வெகுதூரம் போய்த் திரும்பிய லாரியில் ஏறினால் சீட்டுக்கு அடியில் பாட்டில் பாட்டிலாக மூத்திரம். நிறுத்தினால் ஆபீசிலிருந்து உடனே ஃபோன் வருமாம், ஏன்டா நிக்கிற என்று. பின்னால் இருக்கும் படுக்கையில் மெத்தைக்குப் போட்டு வந்த பிளாஸ்டிக் உறைகூடக் கிழியவில்லை, ஒரு பயலும் அதில் முதுகை நீட்டவில்லை. புதுப் பையன்கள் பார்க்க வரும் அன்றைக்கு மட்டும் வாசலில் நிற்கும் லாரிக்கு செண்ட் அடித்து, பூப்போட்ட தலையணை வைக்கச் சொல்கிறார்கள். அதையும் இந்தக் கையால்தான் செய்கிறேன், வீட்டுக்கு வந்தால் சோறு இறங்குவதில்லை. சித்தப்பாவிடம் கேட்டேன், லாரின்னா நாறத்தான் செய்யும் அண்ணி, பூக்கடையா வெச்சிருக்கோம் என்று சிரிக்கிறார். அவருக்கு என்ன, இன்னும் கொஞ்சம் பேரைப் பிடித்துக் கொடுத்தால் சூப்பர்வைசர் நாற்காலி. (அம்மா இங்கே சித்தப்பாவை ஒரு வார்த்தை சொன்னாள், அதை எழுத எனக்குப் பயமாக இருக்கிறது.)

போன மாதம் உன் வயசுப் பையன் ஒருத்தன், மீசைகூடச் சரியாக வளரவில்லை, லாரியை நிறுத்திவிட்டு இறங்கி, அக்கா இது எந்த ஊரு என்று என்னைக் கேட்டான். அவன் புறப்பட்டுப் போனதே எங்கள் யார்டிலிருந்துதான். கையோடு அடுத்த லோடுக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பி வரும்போது அவன் லாரியை வேறு வண்டி கட்டி இழுத்து வந்தது. பையன் உயிரோடு இருக்கிறான், இரண்டு காலும் போயிற்று. தூங்குமூஞ்சி, அவன் தப்பு என்று கதையை முடித்துவிட்டார்கள். இப்போது அந்த லாரிக்கு முன்பக்கம் மாற்றிப் பெயிண்ட் அடிக்கிறார்கள். யாருக்கு என்று பெயிண்டரைக் கேட்டேன், உங்க பையனுக்குத்தானாமே, தெரியாதா என்கிறான். சித்தப்பா சொல்லும் தனி லாரி அதுதான் தம்பி.

சின்னக் கம்பெனியில் ஆறு மாதம் சீனியர் டிரைவர் பக்கத்தில் உட்கார வேண்டும், மானக்கேடு என்றாய். மானம் சாவியில் இல்லை. இந்தக் கடிதத்தைக் கொண்டு வருகிறவர் அந்தக் கம்பெனி டிரைவர், எங்கள் யார்டில் லோடு இறக்க வந்தார், அவர் கேபினை எட்டிப் பார்த்தேன், தலையணையில் தலை வைத்த பள்ளம் இருந்தது. முதலாளி மகா கஞ்சன், ஓட்டை லாரிதான் கொடுப்பான், ஆனா கண்ணு சொருகினா ஓரங்கட்டுடான்னு அவனே சொல்லுவான் என்றார். நான் சொன்னேன் என்று அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதே. வாசலில் நிற்கும் லாரியை விட்டுவிட்டு, அப்போதுதான் திரும்பி வந்த லாரியில் ஏறிப் பார், மெத்தையைத் தொட்டுப் பார், பிறகு சேர்.

காதுக்குச் சொட்டு மருந்தை மறக்காதே. நீ போகிற பாதையெல்லாம் உனக்கு வழிவிடட்டும், கண் அசந்தால் ஒதுங்கி நிறுத்த ஓர் இடம் கிடைக்கட்டும்.

உன் நல்லதையே நினைத்திருக்கும்
அம்மா

அண்ணா, இனி நானாக எழுதுகிறேன். பதில் கடிதம் போடாதே, சித்தப்பா பிரித்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை அவர் உனக்கு ஃபோன் போட்டு, அப்பாவுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைப்பார். அதற்குள் அந்தச் சின்னக் கம்பெனியில் சேர்ந்துவிடு. வேற கம்பெனியில சேர்ந்துட்டேன் சித்தப்பா என்று மட்டும் சொல், யார் சொன்னது என்று கேட்டால் என்னையும் அம்மாவையும் காட்டிக்கொடுத்துவிடாதே. கொஞ்சம் சத்தமாகச் சொல். நாங்கள் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருப்போம்.