ஜீவா கேட்டதும் கொடுத்த ஃபிளாஷ்

சனிக்கிழமை இரவு, கிள்ளான்

நாளைக்கு அக்காவுக்கு நிச்சயதார்த்தம். படம் எடுப்பது நான்தான் என்று வீட்டில் வீராப்பாகச் சொல்லிவிட்டேன். அப்பாவின் பழைய டிஜிட்டல் கேமராவுக்கு மண்டபத்து வெளிச்சம் பத்தாது. மாமா மகன் ஜீவாவிடம் தனி ஃபிளாஷ் ஒன்று இருக்கிறது. கேமரா மின்னுவதைப் பார்த்ததும் அதுவும் தானாக மின்னும். கேட்டதும் கொடுத்துவிட்டான். அங்கேதான் இடிக்கிறது. போன வாரம்தான் அவன் கோப்பியில் கிச்சாப், அதுதான் கருப்பு சோயா சாஸ், ஊற்றினேன்.

சாயங்காலம் அவன் முன்னாலேயே சோதித்தேன். ஃபிளாஷ் பளிச்சென்று மின்னியது. படம் மட்டும் கிச்சாப் கருப்பு.

"என்னடா பண்ணி வச்ச?"

"நான் ஒண்ணும் பண்ணல லா! உன் கேமரா ரெண்டு தடவை மின்னுது. முதல்ல வெளிச்சத்த அளக்க, அப்புறம்தான் படத்துக்கு. என் ஃபிளாஷ் முதல் மின்னலுக்கே அவசரப்பட்டுடுது. கேமரா ஃபிளாஷ மேனுவலுக்கு மாத்து, ஒரே தடவைதான் மின்னும்."

மாற்றினேன். அவனையே எடுத்தேன். அருமையான படம். அக்கா தப்பித்தாள்.

இப்போது அதைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். இவ்வளவு நல்ல பிள்ளையாக அவன் சிரித்ததே இல்லை. ஒரு கை வேறு முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. நாளைக்கு அவன் தண்ணீர் கொடுத்தால்கூட, முதலில் அவன் குடிக்கட்டும்.