தொட்டியில் மிஞ்சிய நாலு மீன்

புன்னைவெளி
28-3-95

அன்பு மகன் ராசுவுக்கு அம்மா எழுதுவது. சிங்கப்பூரில் நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு வேலைக்குப் போய்வருகிறாய் என்று நம்புகிறேன், இங்கே நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதற்கு மேல் நலம் என்று எழுதப் பேனா வரவில்லையப்பா. போன மூன்று கடிதத்திலும் மீன்கள் நன்றாக இருக்கின்றன என்று எழுதியது பொய். நீ கண்ணாடித் தொட்டியில் விட்டுப்போன இருபதில் நாலுதான் மிச்சம், அதுவும் இப்போது நம் வீட்டில் இல்லை. கோபப்படாமல் முழுக்கப் படி.

நீ சொல்லிக்கொடுத்தபடிதான் எல்லாம் செய்தேன். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை எடுத்துவிட்டு அடிபம்புத் தண்ணீரை ஒரு நாள் வைத்திருந்து ஊற்றினேன், விரல் நுனி அளவுக்குத்தான் தீனி போட்டேன். காலையில் விளக்கைப் போட்டால் இருபதும் நீலக்கோடும் சிவப்புமாய் ஒரே மூச்சில் இந்தப் பக்கம் திரும்பும், ஒரே மூச்சில் அந்தப் பக்கம் திரும்பும், வயலுக்குக் கிளம்புகிற அப்பா மண்வெட்டியோடு நின்று பார்த்துவிட்டு, என்ன ஒத்துமை பாருடி, நம்ம தெரு இப்புடி இருந்திருந்தா எறால் பண்ணைக்காரன் உள்ள வந்திருப்பானான்னு சொல்வார். ஆறு மீனுக்குக் கீழே குறைந்தால் அதுகளுக்குப் பயம் வந்து தின்னாது என்று நீ மீன் வாங்கிய மெட்ராஸ் கடைக்காரர் சொன்னதாய் நீ சொன்னதும் நினைவிருந்தது. தை மாதம் ஒன்று நிறம் வெளுத்துச் செத்து மிதந்தது, அப்புறம் இரண்டு. நோய் கண்டால் உப்புப் போடச் சொன்னாயல்லவா, யார் கண்ணோ பட்டுவிட்டது என்று கல்லுப்பைத் தொட்டிக்கு மூன்று சுற்றுச் சுற்றி, மருந்துக்கு மருந்தும் ஆச்சு திருஷ்டிக்குத் திருஷ்டியும் ஆச்சு என்று அந்த உப்பையே தண்ணீரில் போட்டேன். மறுநாள் நாலு செத்தது. உப்புப் போதவில்லை என்று இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டேனே, பாவி நான்.

மாசியில் நன்னிலத்திலிருந்து உன் அக்கா சௌந்தரநாயகி வந்தாள். வெயிலில் வந்தவள் செம்புத் தண்ணீரை வாயில் ஊற்றியதும் வாசலில் போய்த் துப்பிவிட்டு, என்னம்மா தண்ணி இப்புடிக் கரிக்குது, இதையா குடிக்கிறீங்கன்னு கேட்டாள். எங்களுக்குத் தெரியவே இல்லை ராசு. கொஞ்சம் கொஞ்சமாய் ஏறிய உப்பு நாக்குக்குப் பழகிப்போயிருக்கிறது, குழம்புக்கு உப்புக் குறைத்துப் போட்டு வந்ததுகூட எனக்கு உறைக்கவில்லை. பக்கத்து வயலைச் சாமிதுரை இறால் பண்ணைக்கு விற்று ஒன்றரை வருஷம் ஆகிறது, குளம் வெட்டிக் கடல்தண்ணீரை இறைத்து நிறுத்தியிருக்கிறார்கள், அது மண்ணுக்குள் நம் பக்கம் வராமல் எங்கே போகும். சம்பாப் பயிர் நுனி கருகியபோது அப்பா பூச்சி என்று மருந்தடித்தார். நான் மீனுக்கு உப்புப் போட்ட மாதிரிதான் அதுவும். பண்ணை வேண்டாம் என்று தாலுகா ஆபீஸ் முன்னால் எத்தனை நாள் உட்கார்ந்தோம், இந்தக் கட்சிக்காரரும் வந்தார், அந்தக் கட்சிக்காரரும் வந்தார், சோடா குடித்தார்கள், போனார்கள். உட்கார்ந்த பதினோரு குடும்பத்தில் விற்காமல் நின்றது நாம் மட்டும்தான். நில உச்சவரம்புச் சட்டத்தில் நம்முடைய அந்த ஒரு ஏக்கருக்குப் பட்டா கொடுத்த அன்று உன் அப்பா வேட்டியோடு சேற்றில் படுத்துப் புரண்டவர், நான் கண்ணால் பார்த்தேன்.

போன வெள்ளிக்கிழமை மிச்சமிருந்த நாலையும் தூக்குவாளியில் விட்டு, மடியில் வைத்துக்கொண்டு அப்பா பஸ்ஸில் நன்னிலத்துக்கு அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனார். வழியிலேயே செத்துடும் வேணாங்கன்னேன். இதுங்களுக்காச்சும் போறதுக்கு ஒரு தண்ணி இருக்கு, போவட்டும்னார். சாயந்திரம் திரும்பி வந்து கால்கூடக் கழுவாமல் பெட்டியிலிருந்து பட்டாவை எடுக்கச் சொன்னார், நானும் எடுத்துக் கொடுத்தேன். வரும் திங்கட்கிழமை பண்ணைக்காரர்களுக்குக் கையெழுத்துப் போடப் போகிறார். அங்கே நாலு மீனும் கல்லுக்குப் பின்னால் மூலையில் நிற்கின்றனவாம், தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம், அக்கா சொல்லியனுப்பினாள்.

வேண்டாம் என்று அப்பாவுக்கு எழுதிவிடாதே, அதைத் தாங்குகிற நிலையில் அவர் இல்லை. காளியம்மன் துணையில் நீ மட்டுமாவது நல்லபடி இருக்க வேண்டும், நேரத்துக்குத் தூங்கு, மழையில் நனையாதே. லீவில் வரும்போது வாசலில் பையை வைத்ததும் ஓடிப்போய் அடிபம்பில் கையேந்திக் குடிப்பாயே, அந்த வழக்கத்தை மட்டும் மறந்துவிடு ராசு.

இப்படிக்கு
உன் அம்மா
அம்சம்